மணிக்கட்டில் விழுந்த அறுபத்துநாலு

"கம்ப்யூட்டர்ல வர்ற பட்டாவுல நம்பர் தப்பாவே வராது தாத்தா" என்றாள் செஞ்சிக் கூட்டுரோட்டு இ-சேவை மையத்துப் பெண். எங்கள் நிலத்தைப் பேரன் பெயருக்கு மாற்றுவதற்காகப் பட்டா நகல் எடுக்கப் போயிருந்தேன். வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

"மிஷின் தப்புப் பண்ணாதும்மா. அதைப் புடிச்சிருக்கிற கை பண்ணும்" என்றேன்.

"நீங்க இன்னா வேல பாத்தீங்க?"

"கவர்மெண்டு பிரஸ்ல நம்பர் அடிச்சேன்."

"நம்பர் அடிக்கிறதுக்குன்னு ஒரு ஆளா?" என்று சிரித்தாள். வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோது அந்தக் கேள்விதான் திரும்ப வந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அறுபதுகளில் அரசு அச்சுத் துறைக்குச் செஞ்சியில் ஒரு சின்னக் கிளை இருந்தது. கோட்டைக்குப் போகிற வழியில், பாறைகளுக்கு முதுகைக் கொடுத்து நின்ற ஒரு பழைய நெல் கிடங்கு. உள்ளே காலால் மிதித்து ஓட்டும் இரண்டு ட்ரெடில் மிஷின்கள், தாள் வெட்டுகிற மிஷின், துளை போடுகிற மிஷின், கம்பித் தையல் மிஷின், எழுத்துப் பெட்டிகள், ஒன்பது ஆட்கள், மேலே ஒரு ஃபோர்மேன். அவ்வளவுதான். ஆனால் வேலை இருக்கிறதே, அது ஒன்பது ஆளுக்கான வேலை இல்லை.

எங்களுக்குக் காலண்டர் தேவையே இல்லை. மிஷினில் ஏறியிருக்கும் படிவத்தைப் பார்த்தால் மாதம் தெரிந்துவிடும். சித்திரையில், தாலுகாவின் வருடக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்திக்குப் படிவங்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் வருகைப் பதிவேடுகள். ஆடி பிறப்பதற்குள் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணங்களுக்குப் புதுப் பசலி வருடத்தின் அடங்கல், அதாவது பயிர்க் கணக்குப் புத்தகங்கள். மழைக்கு முன்னால் ஏரி மராமத்துப் படிவம். மார்கழியில் வாக்காளர் பட்டியல், தையில் பரீட்சைத் தாள்களுக்கு முகப்பு. ஒன்று முடிந்து மை காய்வதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அந்த ஓட்டம் எனக்குப் பிடித்திருந்தது. ட்ரெடில் சத்தம் நின்றால் எனக்குக் காது வலிக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பசலி முடிகிற ஆனி நடுவில் ஃபோர்மேன் ஒரு பெரிய அட்டையில் அந்த வருடத்து வேலையெல்லாம் எழுதி வாசலுக்கு மேல் மாட்டுவார். எத்தனை வகைப் படிவம், எத்தனை புத்தகம், எந்தெந்தத் தாலுகா. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு: 'எண் இட்ட படிவங்களில் வீண்.' அதற்குக் கீழே ஒவ்வொரு வருடமும் சிவப்பு மையில் ஒரே சொல்: 'இல்லை.' வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லைப் பார்க்கிற மாதிரிதான் அட்டையை மாட்டுவார்.

அவர் பெயர் நேமிராஜ நைனார். மேல்சித்தாமூர்க்காரர், சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுகிற வழக்கம். அதனால் எங்கள் கிளையில் ஓவர்டைம் என்ற பேச்சே கிடையாது. ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் அவர் ஊர் போய்ச் சாப்பிட முடியும். அதைத் தவறவிட்டால் அன்று பட்டினி. ஆகவே எந்த வேலையும் வெளிச்சத்திலேயே முடியவேண்டும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் எங்களை 'வாடா போடா' என்பார். கோபம் வந்துவிட்டால் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்துவிட்டு 'வாங்க, உட்காருங்க' என்பார். அந்த 'ங்க' விழுந்தால் நாங்கள் அவரவர் மிஷினுக்கு ஓடிவிடுவோம். ட்ரெடில் ஓட்டிய காதர் பாய் அவரைவிட வயதில் மூத்தவர். அவரும் கூட அந்த 'ங்க'வுக்குப் பயப்படுவார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகக் கார்டு வந்து அங்கே சேர்ந்தேன். எங்கள் தெருவில் முதல் சர்க்கார் சம்பளம் என்னுடையது. இரண்டு வருடம் தாள் அடுக்கினேன், அச்செழுத்துக் கழுவினேன், பசை காய்ச்சினேன். மூன்றாம் வருடம் நம்பர் மிஷின் என் கைக்கு வந்தது. தற்காலிக ஊழியன்தான். அடுத்த ஆனியில் நிரந்தரம் ஆகவேண்டும்.

அந்த மிஷினை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் எஃகுச் சாமான். மேலே கைப்பிடி, உள்ளே எண் சக்கரங்கள். தாளில் வைத்து ஓங்கி ஓர் அமுக்கு அமுக்கினால் எண் விழும், சக்கரம் அடுத்த எண்ணுக்குத் தானே நகரும். பக்கத்தில் ஒரு குமிழ். அதை 'இரட்டை' என்பதில் திருப்பி வைத்தால் ஒவ்வொரு எண்ணும் இரண்டு தடவை விழுந்த பிறகுதான் அடுத்த எண் வரும். பட்டாப் புத்தகத்துக்கு அதுதான். ஒவ்வொரு தாளிலும் வலது பக்கம் பட்டா, இடது பக்கம் அடிக்கட்டை. நடுவில் துளைக் கோடு. பட்டாவைக் கிழித்துக் குடியானவருக்குக் கொடுப்பார்கள். அடிக்கட்டை புத்தகத்தோடு தாலுகா ஆபீசில் இருக்கும். இரண்டிலும் ஒரே எண் இருந்தால்தான் அது உண்மையான பட்டா. வலது பக்கம் ஓர் அடி, இடது பக்கம் ஓர் அடி, தாளைத் தள்ளு. மறுபடி வலது, இடது, தள்ளு. கை அந்தத் தாளத்தில் விழுந்துவிட்டால் கண் எண்ணைப் பார்க்காது.

அந்த வருடம் ஜமாபந்தி நடந்துகொண்டிருந்தபோது தாலுகா ஆபீசிலிருந்து அவசர வேலை ஒன்று வந்தது. நூறு நில ஒப்படைப்புப் பட்டாக்கள் கொண்ட ஒரு புத்தகம். நிலமில்லாத குடும்பங்களுக்கு ஆளுக்கு இரண்டு ஏக்கர் தரிசு. ஜமாபந்தி முடிகிற அன்று நடக்கும் குடிகள் மாநாட்டில் சப்-கலெக்டர் கையால் கொடுக்கப்போகிறார்கள். கூடவே வந்த பட்டியலைப் பார்த்தேன். ஒன்று முதல் அறுபது வரை வேறு ஊர். அறுபத்தொன்று முதல் நூறு வரை எங்கள் ஊர், எங்கள் தெரு. அறுபத்துநாலு: கன்னியப்பன். என்னைப் பெற்ற நைனா.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. எங்கள் தெருவுக்கு ஒதுக்கிய அந்த மலையடித் தரிசு சாதாரண நிலம் இல்லை. ஊரில் மணிலாக்கடலை மண்டி வைத்திருந்தவர் அதைப் பல வருடமாகத் தன் நிலம்போல உழுது கடலை போட்டுக்கொண்டிருந்தார். உழுதது யார்? என் நைனாதான், அவருடைய ஆளாக, அவருடைய மாட்டை வைத்து. இந்த வருடமும் மண்டிக்காரர் விதைக்கடலையை உடைத்து வைத்துவிட்டார். பட்டா கைக்கு வருவதற்குள் விதைத்துவிட்டால், பயிர் நிற்கிற நிலம் என்று சொல்லி அறுவடைவரை இழுப்பார். பட்டாவில் ஒரு புள்ளி இடறினாலும் கோர்ட்டுக்குப் போவேன் என்று கடைத்தெருவிலேயே சொல்லியிருந்தார். நாற்பது குடும்பமும் அந்த ஒரு நாளை எண்ணிக்கொண்டிருந்தன.

நான் நம்பர் அடிக்க உட்கார்ந்தது மாநாட்டுக்கு முதல் நாள் காலை. அறுபதைத் தாண்டியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முகம் தெரிந்தது. அறுபத்துமூன்று முடிந்தது. அடுத்தது நைனா. இடது கை மணிக்கட்டைத் திருப்பி வைத்து, மிஷினை அதன்மேல் வைத்து ஓர் அடி அடித்துக்கொண்டேன். ஊதா மையில் பளிச்சென்று விழுந்தது: 000064. வலித்தது. சந்தோஷத்தில் வலி தெரியவில்லை என்று சொல்வார்களே, அதெல்லாம் சும்மா, நன்றாகவே வலித்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே தாளை இழுத்து மறுபடி வலது, இடது, தள்ளு என்று நூறுவரை போய்விட்டேன்.

ஃபோர்மேன் புத்தகத்தைச் சரிபார்த்தார். பட்டாக்களின் வலது முனையைக் கட்டைவிரலால் பிடித்து விர்ரென்று விடுவார். எண்கள் ஒவ்வொன்றாக ஓடும். ஒன்று விட்டுப்போனாலும் அவர் விரல் நின்றுவிடும். அன்று விரல் நிற்கவில்லை. கடைசியில் நூறு. "நல்லா அடிச்சிருக்கேடா" என்றார். 'எண்கள் சரிபார்க்கப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, மத்தியானமே தாலுகா ஆபீசுக்கு அனுப்பினோம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது நைனா மாட்டைக் கட்டிவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தார். நல்ல வெயில் இன்னும் இருந்தது. மணிக்கட்டை நீட்டினேன்.

"நைனா, இங்க பாரு. இதான் உன் நம்பரு. உனக்கோசரம் கையிலயே அடிச்சிக்கினு வந்துட்டேன்."

அவருக்கு எழுத்துத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தார். "இன்னா போட்டிருக்குது?"

"அறுபத்துநாலு."

"ஒரு நம்பரு ரெண்டு வாட்டிதான் வுழும்னு சொன்னியே. பட்டாவுல ஒண்ணு, கட்டையில ஒண்ணு."

"ஆமா."

"உன் கையில ஒண்ணு இருக்குதே. அப்போ இது மூணாவதா?"

நான் விரல்விட்டு எண்ணினேன். மூன்றாவதாக விழாது. இரண்டோடு சரி. முதல் அறுபத்துநாலு என் கையில். இரண்டாவது அறுபத்துநாலு பட்டாவில். அப்படியானால் அடிக்கட்டையில் அறுபத்தைந்து. அடுத்த பட்டாவில் அறுபத்தைந்து, அதன் அடிக்கட்டையில் அறுபத்தாறு. பட்டாக்கள் மட்டும் வரிசை பிசகாமல் நூறுவரை ஓடும். ஃபோர்மேன் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். நைனாவிலிருந்து கடைசிவரை முப்பத்தேழு குடும்பம். ஒவ்வொருத்தர் பட்டாவுக்கும் உரிய அடிக்கட்டையில் வேறு எண்.

திக்கித் திணறி அதைச் சொன்னேன். நைனா உடனே புரிந்துகொண்டார். "ஏர்மாட்டு வரிசையில ஒத்த மாட்ட அவுத்துட்டு மிச்சத்தப் பூட்டினாப்ல ஆச்சு. எல்லா ஏருலயும் ஜோடி மாறிப்பூடுச்சு" என்றார். பிறகு சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"சொன்னா உன் வேல பூடுமா?"

"பூடும் நைனா. நான் டெம்பரவரி."

"சொல்லலேன்னா?"

"நாளைக்கு யாரும் கவனிக்கமாட்டாங்க. மண்டிக்காரரு கோர்ட்டுக்குப் போய்ப் புத்தகத்தக் கேட்டா, அன்னைக்கு அத்தனையும் பூடும்."

"முப்பத்தேழு ஊடு" என்றார் நைனா. "நீ ஒரு ஆளு." அவ்வளவுதான் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தபோது, "கைய நல்லாக் கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்தேன். "சோத்துக் கையக் கழுவு. அந்தக் கையக் கழுவாத. நாளைக்கு அவருக்குக் காட்டணும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை மேல்சித்தாமூர்ப் பக்கமிருந்து வருகிற முதல் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். ஃபோர்மேன் குடையும் டிபன் கேரியருமாக இறங்கினார்.

"இன்னாடா இங்க நிக்கற? சாப்டியா?"

"சார், தப்புப் பண்ணிட்டேன் சார்" என்று கையை நீட்டினேன்.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நான் பாதி சொல்வதற்குள்ளேயே அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார்.

"வாங்க" என்றார்.

தாலுகா ஆபீசுக்கு எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வாசலில் நின்று, "நேத்து நான் எந்தப் பக்கம் பாத்தேன்?" என்று கேட்டார்.

"பட்டாப் பக்கம் சார்."

"அடிக்கட்டைப் பக்கம்?"

"பாக்கல சார்."

"இத்தனை வருஷமா பாக்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

புத்தகத்தைப் பிரித்தால் நான் பயந்தது அப்படியே இருந்தது. பட்டா 64, அடிக்கட்டை 65. கிளார்க்குகள் பெயரெல்லாம் எழுதி, தாசில்தார் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. தாசில்தார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மூணு மணிக்கு சப்-கலெக்டர் குடுக்கப் போறாரு. இப்ப வந்து சொல்றீங்களே நைனார். சரி, அடிக்கட்டையில நம்பர அடிச்சுத் திருத்தி நான் சின்னதா கையெழுத்துப் போட்டுடறேன். பத்து நிமிஷ வேல."

"மண்டிக்காரர் வக்கீலுக்கு முப்பத்தேழு ஓட்டை போட்டுக் குடுக்கறதா இருந்தா அப்படிப் பண்ணலாம்" என்றார் ஃபோர்மேன். "எனக்கு ஒரு மணிவரைக்கும் டைம் குடுங்க. இந்த முப்பத்தேழு தாளையும் உங்க முன்னாலயே ரத்துப் பண்ணிக் கட்டி வைங்க. புதுசு கொண்டாறேன். மூணு பேரு எழுத உட்கார்ந்தா நீங்க கையெழுத்துப் போட்டு முடிக்கலாம்."

தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டே முக்கால். "போங்க. ஓடுங்க" என்றார்.

ஃபோர்மேனின் பழைய கட்டளை ஒன்று அன்று எங்களைக் காப்பாற்றியது. தாலுகா ஆபீசிலிருந்து ரசீது வராமல் அச்சுக்குக் கோத்த எழுத்தைக் கலைக்கக்கூடாது என்பார். இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று நாங்கள் எத்தனையோ நாள் முணுமுணுத்திருக்கிறோம். பட்டாவின் எழுத்து இரும்புச் சட்டத்துக்குள் பூட்டியபடியே இருந்தது. பாய் அதைத் தூக்கி மிஷினில் ஏற்றினார். ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீரோட்ட முத்திரை போட்ட அரசாங்கத் தாள் பெட்டியில் நாற்பதுதான் மிச்சம். வேண்டியது முப்பத்தேழு. மூன்று தாள்தான் கையிருப்பு. சென்னையிலிருந்து வரவேண்டும் என்றால் ஒரு வாரம்.

பாய் பழைய தாளில் நாலு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு நல்ல தாளைக் கொடுத்தார். ஒன்பதாவது தாள் மிஷின் வாயில் மாட்டிக் கிழிந்தது. மிச்சம் இரண்டு. பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மிதித்தார். பத்தேகாலுக்கு அச்சு முடிந்தது.

இனி மை காயவேண்டும். ஈரத்தில் நம்பர் அடித்தால் கை பட்டு இழுத்துவிடும். வழக்கமாக ஒரு நாள் காயப்போடுவோம். எங்களுக்கு இருந்தது ஒரு மணி நேரம். "பாறை" என்றார் ஃபோர்மேன். கிடங்குக்குப் பின்னால் செஞ்சி வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் கிடந்தது. தாள்களை வரிசையாகப் பரப்பி, மூலைக்கு ஒரு கல் வைத்தோம். ஒன்பது பேரும் சுற்றி நின்றோம். கால் வெந்தது. யாரும் நகரவில்லை.

கோட்டையில் குரங்கு உண்டு என்பதை அந்த அவசரத்தில் யார் நினைத்தார்கள்? எங்கிருந்தோ ஒன்று இறங்கி வந்து, கல்லைத் தட்டிவிட்டு, ஒரு பட்டாத் தாளை எடுத்துக்கொண்டு மேலே ஏறி உட்கார்ந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு நிதானமாக இரண்டாகக் கிழித்தது.

"போச்சு. குரங்குக்கும் ரெண்டு ஏக்கர் குடுத்துட்டோம்" என்றார் பாய்.

ஃபோர்மேன்கூடச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் குரங்கைத் துரத்திய வேகத்தில் என் வேட்டித் தலைப்புக் காற்றில் இன்னொரு தாள் கிளம்பி, பக்கத்துச் சுனைத் தண்ணீரில் போய் விழுந்தது. அதுவும் என் கைவேலைதான். கையிருப்புத் தீர்ந்தது. சரியாக முப்பத்தேழு தாள்.

உள்ளே வந்து மேசைமேல் அடுக்கினோம். பாய் அடிக்கட்டும், அல்லது ஃபோர்மேனே அடிக்கட்டும் என்று நான் ஒதுங்கி நின்றேன். ஃபோர்மேன் நம்பர் மிஷினை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே அடிங்க."

"சார், நான் வேணாம் சார்."

"நீங்கதான். எண்ணி அடிங்க."

ஊசியால் சக்கரங்களைத் திருப்பி எண் வைத்தேன். குமிழ் 'இரட்டை'யில் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். பழைய தாளில் சோதனை அடிக்கும்போது, "ரெண்டு அடிங்க. ஒண்ணு அடிச்சு நிறுத்தாதீங்க. சோதனையும் ஜோடியா இருக்கணும்" என்றார். சோதனை முடிந்ததும் அறுபத்துநாலில் கொண்டுவந்து நிறுத்தினேன். முப்பத்தேழு தாள், எழுபத்துநாலு அடி. ஒன்று பிசகினாலும் மாற்றுத் தாள் கிடையாது. முதல் அடியை அடித்துவிட்டு எண்ணை வாய்விட்டுப் படித்தேன். இரண்டாவது அடி, அதையும் படித்தேன். என்னோடு மற்ற எட்டுப் பேரும் படித்தார்கள். அறுபத்துநாலு, அறுபத்துநாலு. அறுபத்தஞ்சு, அறுபத்தஞ்சு. சந்தையில் ஏலம் விடுகிற மாதிரி கிடங்கு முழுக்க அந்தச் சத்தம். எழுபத்துநாலாவது அடியில் அடிக்கட்டையில் நூறு விழுந்தபோது பாய் என் முதுகில் ஓங்கி அறைந்தார். ஃபோர்மேன் இந்தத் தடவை இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார், தாள் தாளாக.

துளை போட்டு, பழைய புத்தகத்தின் கம்பியைப் பிரித்து, புதுத் தாள்களை வைத்துத் தைத்து, பன்னிரண்டே முக்காலுக்குத் தாலுகா ஆபீசில் வைத்தோம். மூன்று கிளார்க்குகள் எழுத, தாசில்தார் வியர்க்க வியர்க்கக் கையெழுத்துப் போட்டார். மூன்று மணிக்குப் பந்தலில் பெயர் கூப்பிட்டார்கள். "கன்னியப்பன்." நைனா அடிக்கட்டையில் கைநாட்டு வைத்துவிட்டு, பட்டாவை இரண்டு கையாலும் வாங்கினார். நேராக என்னிடம் வந்தார். மைபட்ட கட்டைவிரலை என் மணிக்கட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இப்போ கழுவிக்க" என்றார். மறுநாள் விடிந்ததும் நாற்பது வீட்டு ஆட்களும் மலையடியில் ஏர் கட்டிவிட்டார்கள். மண்டிக்காரரின் விதைக்கடலை மூட்டையிலேயே இருந்தது.

ஃபோர்மேன் அன்று சாயங்காலமே சென்னைக்கு ரிப்போர்ட் எழுதினார். எழுதி முடித்து என்னையே படிக்கச் சொன்னார். என் பெயர் இருந்தது. மணிக்கட்டும் இருந்தது. அதற்குக் கீழே, 'சரிபார்த்தவன் அடிக்கட்டைப் பக்கத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது' என்றும் இருந்தது. மறைக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு 'ங்க' சேர்ந்திருக்கும். உத்தரவு வந்தது. அவருக்குக் கண்டனம். எனக்கு நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிவைப்பு. வேலை போகவில்லை. அந்த ஆனியில் வாசலில் மாட்டிய அட்டையில் கடைசிக் கட்டத்தில் 'இல்லை' இல்லை. சிவப்பு மையில் 'முப்பத்தேழு' என்று எழுதியிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேதான் அந்த வாசலில் நுழைவேன்.

அட்டையைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்த 'ங்க'வைத்தான் தாங்க முடியவில்லை. "வாங்க ஏழுமலை. தாள் எடுங்க ஏழுமலை. சாப்டீங்களா ஏழுமலை." ஒரு வருடம். மற்ற எட்டுப் பேரும் 'டா'தான். "சீக்கிரம் உன்னை ஐயான்னு கூப்பிடப்போறாரு" என்று பாய் கேலி செய்வார். நான் தாள் எடுக்கப் போய்விடுவேன்.

மண்டிக்காரர் சொன்னபடியே கோர்ட்டுக்குப் போனார். மாற்றிக் கொடுத்த முப்பத்தேழு பட்டாவும் போலி என்று வழக்கு. வழக்கை விசாரித்த முன்சீப் பட்டாப் புத்தகத்தைக் கேட்டார், அச்சடித்தவரையும் கேட்டார். ஃபோர்மேன் கூண்டில் ஏறிய அன்று நானும் நைனாவும் கதவோரம் நின்றோம். மண்டிக்காரரின் வக்கீல் தேங்காய் உடைத்தாற்போலக் கேட்டார்.

"முப்பத்தேழு தாளை ரத்துப் பண்ணிக் கட்டி வச்சிருக்கீங்க. ஏன்? எதை மறைக்க?"

"மறைக்கறதா இருந்தா கட்டி வச்சிருக்கமாட்டோம்" என்றார் ஃபோர்மேன். பையிலிருந்து ரிப்போர்ட் நகலை எடுத்தார். எனக்கு வந்த உத்தரவையும், தனக்கு வந்த கண்டனத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்தார். கோர்ட்டே கேட்டது. "ஆளு தப்புப் பண்ணினாரு, நான் தப்புப் பண்ணினேன். ரெண்டு பேரும் தண்டனை வாங்கிட்டோம். இப்ப இருக்கிற தாள்மேல தப்புக் கிடையாது. பாத்துக்கோங்க."

முன்சீப் பார்த்தார். நைனா மஞ்சள் பையிலிருந்து பட்டாவை எடுத்துக் கொடுத்தார். முன்சீப் அதை அடிக்கட்டையோடு சேர்த்து வைத்தார். துளைக்குத் துளை பொருந்தியது. அறுபத்துநாலு, அறுபத்துநாலு. பின்னால் முப்பத்தாறு பேர் பட்டாவோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து முடிக்கும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. வழக்குத் தள்ளுபடி என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

வெளியே வந்தோம். எங்கள் தெருக்காரர்கள் ஃபோர்மேனைச் சூழ்ந்துகொண்டார்கள். நைனா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஃபோர்மேன் கூட்டத்துக்கு மேலாகக் கோட்டையின் ராஜகிரி மலைப் பக்கம் பார்த்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு என்னைத் தேடினார்.

"டேய் ஏழுமலை."

எனக்குக் காதில் விழுந்தது. நம்பாமல் நின்றேன்.

"இன்னாடா முழிக்கற? பொழுது சாயுது. அந்த பஸ் போச்சுன்னா எனக்கு இன்னைக்குப் பட்டினிடா. ஓடிப் போய் நிறுத்துடா."

ஓடினேன். செஞ்சிக் கடைத்தெரு முழுக்க, மடித்துக் கட்டிய வேட்டியோடு, கண்ணில் தண்ணீர் வழிய, கண்டக்டர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். பஸ் கிளம்பிவிட்டது. முன்னால் போய்க் கையை விரித்து நின்றுவிட்டேன். "யாருக்குடா நிறுத்தற?" என்று டிரைவர் கோபமாகக் கேட்டார்.

"எங்க ஃபோர்மேனுக்கு" என்றேன்.